முளைத்த நெல்லே முதல் குற்றவாளி

2025 அக்டோபரில் தஞ்சை மாவட்டத்தில் பெரிய ஒழுங்கீனம் ஒன்று நடந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் அடக்கமாகக் கிடக்க வேண்டிய குறுவை நெல், யாரையும் கேட்காமல் முளைத்துவிட்டது. சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை. எல்லோரும் இவ்வளவு நிதானமாக இருக்கும்போது நெல்லுக்கு மட்டும் என்ன அவசரம்?

இரண்டாவது குற்றவாளி மழை. ஐப்பசியில் அடைமழை என்பது டெல்டாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கோட்டைக்கு மட்டும் அது வருடா வருடம் ‘எதிர்பாராத மழை’. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்து மலர் தூவினால் குறுவை எப்போது களத்துக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பூத்தூவத் தெரிந்த கைக்கு விரல் மடக்கத் தெரியவில்லை. விளைச்சல் அமோகம் என்று மார்தட்டியதும் அரசுதான். விளைச்சல் கூடியதால்தான் நெரிசல் என்று கைவிரித்ததும் அரசுதான்.

மூன்றாவது குற்றவாளி, பயிர் செய்த விவசாயி. அவர் கதை கொள்முதல் நிலைய வாசலில் இப்படித்தான் நடக்கிறது.

“சார், ஒரு வாரமா கெடக்குது. இன்னைக்காவது தூத்தலாமா?”

“ஈரம் பதினேழுக்கு மேல காட்டுதே பெரியவரே. காய வச்சு எடுத்துட்டு வாங்க.”

“கொண்டாந்த அன்னிக்குக் காஞ்சுதான் சார் இருந்துச்சு.”

மழை விட்ட நேரம் பார்த்துப் படுதாவை விலக்கினால் ஆவி கிளம்புகிறது; புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறது. அடி நெல் மணிமணியாகக் கொட்டவில்லை, வேர் பின்னிப் பாய்போல உரிந்து வருகிறது. 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆக்கச் சொல்லி மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதியது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி அள்ளிக்கொண்டு போயின. கொஞ்சம் நெல்லுக்கு ஆய்வகம் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது; மிச்சம் சாலையோரத்திலேயே மட்கியது.

இந்த நஷ்டம் யாருடையது? இங்கேதான் இருக்கிறது அரசின் சாமர்த்தியம். தராசில் ஏறிப் பட்டியல் எழுதும் வரை நெல் விவசாயியுடையது. எப்போது தராசில் ஏற்றுவது என்பது கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் இஷ்டம். தாமதம் அவர்களுடையது, நஷ்டம் இவருடையது. இதே விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணை தப்பிக் கட்டட்டும், வட்டிச் சலுகை பறந்துவிடும். வீட்டு மின்கட்டணத்துக்குக் கெடு தவறினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரும். அங்கெல்லாம் மழையைக் காரணம் காட்ட முடியாது.

புயலுக்குப் பணம் தருகிறோமே என்பார்கள். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். ஏக்கருக்கு ஏழாயிரம்கூடத் தேறாது. அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் பாழான பயிருக்கு. புயல் தின்றதற்கு அந்தக் காசு. அலட்சியம் தின்றதற்கு என்ன காசு?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆந்திராவில் 1975-ல் ஒரு வியாபாரியின் உரத்தை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அதை விற்றுவிடச் சொல்லி உத்தரவு இருந்தும் சும்மா கிடக்க விட்டார்கள், உரம் கெட்டுப்போனது. அரசு நஷ்டஈடு தந்தே ஆக வேண்டும், இறையாண்மை என்ற குடைக்குள் ஒளிய முடியாது என்று நாகேந்திர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1994-ல். ஆக, வழி உண்டு. 19 வருடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இந்த நோய்க்கும் தஞ்சாவூருக்கும் பழைய உறவு. 1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தோடு நிற்காமல் மன்னரின் சொந்தச் சொத்தையும் சுருட்டியது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டுச் சென்னையில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது: இது அரசின் செயல், நியாயமா அநியாயமா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. பிறகு 1862-ல், ஏதோ பெரிய மனது பண்ணி, நிலத்தை வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். உரிமை என்று கேட்டால் கிடையாது. கருணை என்று கும்பிட்டால் உண்டு.

கம்பெனி போய்விட்டது. ஆனால் அரசின் மேல் எதற்கெல்லாம் வழக்குப் போடலாம் என்று நம் அரசியல் சாசனத்தின் 300-ஆம் பிரிவைப் புரட்டினால், அது 1858-ஆம் வருடச் சட்டம் வழியாகக் கம்பெனியின் வாசலில்தான் கொண்டுபோய் விடுகிறது. இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று முதல் சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே, 1956-ல், சொன்னது. 1967-ல் வந்த மசோதா காலாவதியானது. தங்கள் தலையில் தாங்களே கடன் எழுதிக்கொள்ள எந்தக் கட்சிக்கும் மனம் வரவில்லை.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இப்போது அரசே நின்று கொல்கிறது, சும்மா நின்றே கொல்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளியில் 94 பிள்ளைகள் கருகியது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் விட்டதால். பெற்ற வயிறு எரியும்போதே பெற்றோர்கள் இழப்பீட்டுக்காக உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

2025-ல் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று அறிவித்தது அரசு. அந்த விலைக்கு நாற்பது கிலோ சிப்பம் ஒன்று ஆயிரம் ரூபாய். எனவே வர வேண்டிய சட்டத்தின் கணக்கு எளிது. கொள்முதல் நிலையம் தரும் டோக்கனில் போட்ட தேதி தாண்டினால், மறுநாள் முதல் அந்த நெல் அரசின் நெல். நனைந்தாலும் முளைத்தாலும் சிப்பத்துக்கு ஆயிரம் ரூபாயும், தாமதித்த நாளுக்கு வட்டியும் வாணிபக் கழகம் தர வேண்டும். இந்தச் சட்டத்தை இயற்ற டெல்லியின் ஈரப்பத மானி தேவையில்லை. சட்டமன்றத்தில் கையைத் தூக்கினால் போதும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் பொன்னாடையை வாங்கிக்கொள்ளாதீர்கள்; இந்தச் சட்டம் எங்கே என்று கேளுங்கள்.