பதினைந்து போதாதா, சார்?

(டெக்சாஸ் வாசகர் ஒருவர் துப்பாக்கி பற்றிக் கேட்டாலும் கேட்டார், அமெரிக்கத் தபால் மொத்தமும் அதே பேச்சு. இந்த வாரம் அதற்கே ஒதுக்கியாயிற்று.)

கேள்வி: பிஸ்டலில் பதினைந்து தோட்டா இருக்கிறது. இடுப்பில் இன்னொரு மேகசின் எதற்கு? எத்தனை திருடன் வரப்போகிறான்? (பெயர் வேண்டாம், டாலஸ்)

திருடர் எண்ணிக்கைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பிஸ்டலிலேயே மலிவான, மட்டமாகப் பராமரிக்கப்படும் உறுப்பு மேகசின்தான். ஒரு பெட்டி, ஒரு சுருள்வில், தோட்டாவை மேலே தள்ள ஒரு தட்டு, அவ்வளவே. கீழே விழுந்து வாய் விளிம்பு லேசாக வளைந்தாலோ, வில் தளர்ந்தாலோ, பையிலிருந்த பஞ்சும் தூசியும் உள்ளே புகுந்தாலோ தோட்டா சரியான கோணத்தில் மேலே வராது. பிஸ்டல் மக்கர் பண்ணினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும். அதை உருவி எறிந்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது, அதிர்ஷ்டம் இருந்தால், குழலுக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட ஒற்றைத் தோட்டா. 15 தோட்டா நிரம்பிய 9 மி.மீ. மேகசின் கால் கிலோ தேறும். அதைச் சுமக்க அலுப்பாக இருந்தால், கழற்றிய பிறகு கையில் இருக்கப்போவது விலை உயர்ந்த இரும்புத்துண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: தமிழ் சினிமாவில் மட்டும் தோட்டா தீர்வதே இல்லையே? (சிகாகோ)

ஏன் இல்லை? படம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான் என்றால் தீர்ந்துவிடும். கைச்சண்டைக்கு நேரம் ஒதுக்க வேண்டாமா?

கேள்வி: எனக்குக் குறி தப்பாது. சின்ன ரிவால்வரில் ஐந்து போதாதா? (ஃபீனிக்ஸ்)

காகித இலக்கு உங்களைத் திருப்பிச் சுட்டதுண்டா? நியூயார்க் நகரப் போலீஸைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் சுட்ட சண்டைகளில், போலீஸ் சுட்டதில் இலக்கைத் தொட்டது சராசரியாக 18 சதவீதம். உங்கள் ஐந்தை அதால் பெருக்கிப் பாருங்கள். ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. தப்பிப்போனவை காற்றில் கரைந்துவிடுவதும் இல்லை. அடுத்த வீட்டுச் சுவர், நின்ற கார், நடந்துபோன ஆள் என்று எங்கோ போய் முடியும். அத்தனைக்கும் கணக்குக் கேட்க வக்கீல் உங்கள் வாசலுக்குத்தான் வருவார். ஆகவே கூடுதல் தோட்டா என்பது சரமாரியாகச் சுட லைசென்ஸ் அல்ல என்பதை மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. என்ன செய்ய வேண்டும்? (அட்லாண்டா)

எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர்கள்? பயிற்சி மைதானம் என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் சும்மா இருங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். ‘என்ன ஆச்சு’ என்று குழலுக்குள் எட்டிப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் நம் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார்; அவரைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

உயிர் போகும் இடம் என்றால் காத்திருக்க முடியாது. மேகசினின் அடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, பிஸ்டலின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை முழுக்கப் பின்னுக்கு இழுத்து விட்டுவிட வேண்டும். மேகசின் சரியாக உட்காராமல் இருந்திருந்தால் உட்காரும்; கெட்ட தோட்டாவோ, வெளியேறாமல் குறுக்கே நிற்கும் காலி உறையோ தெறித்துப் போகும். பிறகு, இன்னும் சுட வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு தோட்டா ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றால் தட்டினாலும் இழுத்தாலும் பலிக்காது. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினைப் பிடுங்கிப் போட்டு, இரண்டு மூன்று முறை இழுத்துக் காலி செய்து, புது மேகசின் செருக வேண்டும். டாலஸ்காரரே, படிக்கிறீர்களா?

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. ‘டமால்’ என்பதற்குப் பதில் சோப்ளாங்கியாக ஒரு ‘புஸ்’ கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றை அனுப்பினால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

கேள்வி: ரிவால்வர் ஜாம் ஆகாது என்கிறார் மாமனார். நிஜமா? (சான் ஹோசே)

முக்கால்வாசி நிஜம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும். ஆனால் அபூர்வமாக உருளை சிக்கிக்கொண்டால் தட்டி இழுத்துச் சரிசெய்யும் சமாசாரமில்லை. மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான். மறுபடி நிரப்புவது அதைவிடப் பெரிய பாடு.

உதாரணம் வேண்டுமா? 1986 ஏப்ரல் 11, மயாமி. கொள்ளைக்காரர்கள் இருவர், மடக்கிய எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் எட்டுப் பேர். ஐந்து நிமிடம்கூட நீடிக்காத அந்தச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். கார்கள் மோதிக்கொண்டபோதே ஒருவருடைய ரிவால்வர் எங்கோ போய்விட்டது. இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்தார். கார்டன் மெக்னீலுக்குக் கையில் அடி; ரிவால்வரில் மறுபடி தோட்டா போட முடியவில்லை. ஜான் ஹான்லன் தோட்டா போட்டுக்கொண்டிருந்தபோதே கையில் வாங்கினார். ஜெரி டவ் வைத்திருந்தது 9 மி.மீ. பிஸ்டல், எதிரியின் குண்டு அந்தப் பிஸ்டல் மேலேயே பட்டு அது செத்துப்போனது. எந்தக் கையேட்டில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது?

கடைசியில் முடித்துவைத்தவர் எட்மண்டோ மிரெலெஸ். இடது கை சிதைந்த நிலையில் ஷாட்கன்னை ஒற்றைக் கையால் இயக்கி ஐந்து முறை சுட்டார், பிறகு ரிவால்வரை உருவினார். இதன் பிறகுதான் எஃப்.பி.ஐ. ரிவால்வரைக் கைவிட்டுப் பிஸ்டலுக்கு முழுசாக மாறியது. அன்றைய இழப்பின் பழியைக் குட்டி 9 மி.மீ. தோட்டா மேல் போட்டு 10 மி.மீ.க்குப் போனார்கள், பிறகு .40-க்கு வந்தார்கள், கடைசியில் மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டார்கள். மாமனாரிடம் கேளுங்கள்: ஒற்றைக் கையால் ரிவால்வரில் தோட்டா போட்டுப் பழகியிருக்கிறாரா?

கேள்வி: ஜாம் ஆகாத பிஸ்டல் எது? (சியாட்டில்)

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது.

கேள்வி: என் வீட்டுக்காரர் மூன்று மேகசின் மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகிறார். பேன்ட் இறங்குகிறது. (எடிசன், நியூ ஜெர்சி)

உங்கள் மாநிலத்தில் ஒரு மேகசினுக்கு 15 என்றிருந்த வரம்பை 2018-ல் 10 ஆக்கிச் சட்டம் போட்டார்கள். அந்தக் குறையை எண்ணிக்கையில் ஈடுகட்டுகிறார் போலும். ஒன்று போதும் என்று சொல்லிப் பாருங்கள். காலியாகும் இடத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். கடையில் யாராவது கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டால் அதற்காவது உதவும்.

கேள்வி: மதுரையில் என் சித்தப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. அவரும் கூடுதல் தோட்டா வைத்துக்கொள்ளலாமா? (ஹூஸ்டன்)

எத்தனை வாங்கலாம் என்பது அவர் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும்; உங்கள் ஊர்போல் அள்ளிவர முடியாது. தேர்தல் வந்தால் துப்பாக்கியே போலீஸ் ஸ்டேஷனில் போய் ஓய்வெடுக்கும்.

கேள்வி: ஜாமை எடுக்க வீட்டில் பழக வழி உண்டா? (பெயர் வேண்டாம், டாலஸ். ஆம், அதே ஆள்தான்)

டம்மி தோட்டா வாங்குங்கள். வீட்டில் என்றால் நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மைதானத்தில் நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத்தோடு டம்மியைக் கலந்து அடுக்கச் சொல்லுங்கள். எது எப்போது வரும் என்று தெரியாமல் சுடும்போது, ஜாமை எடுக்கக் கை பழகும். வெடிக்கும் முன்பே உங்கள் குழல் பயத்தில் தலைகுனிவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

மேகசின்களுக்கு நம்பர் எழுதுங்கள். மூன்றாம் நம்பர் அடிக்கடி தகராறு செய்தால் குப்பையில் போடுங்கள். நம்மவர்கள் போடமாட்டார்கள். ‘பிராக்டீஸுக்கு ஆகும்’ என்று அலமாரியில் எடுத்துவைப்பார்கள். ஆறு மாதத்தில் அது எப்படியோ மறுபடி இடுப்புக்கு வந்துவிடும்.