பூஸ்ட் கடைசி வேலை!

கே: டர்போ இல்லாத காரில் டர்போ பொருத்தினால் இன்ஜின் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? (சேலம்)

ப: டர்போவால் போவதில்லை, நாக்கிங்கால்தான் போகிறது. பிளக்கில் கிளம்பிய தீ சீராகப் பரவி வருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடிப்பதுதான் நாக்கிங். பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்புதான் அதில் முதல் பலி. டர்போ அழுத்தத்தையும் ஏற்றுகிறது, சூட்டையும் ஏற்றுகிறது. இரண்டையும் அடக்கி வைத்தால் கம்பெனி பிஸ்டனே வருடக்கணக்கில் உழைக்கும்.

கே: என் காரில் டர்போ போட்டால் ஆர்டிஓ பிடிப்பாரா? (சென்னை)

ப: பிடிக்கச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். ஆகவே இந்தியச் சாலையில் ஓட்ட, கம்பெனியே டர்போ வைத்து விற்கும் காரை வாங்குங்கள். டிராக்கில் ஓட்டும் காரும், அனுமதி தரும் நாடுகளும் வேறு கதை.

கே: எவ்வளவு பூஸ்ட் வைத்தால் தாங்கும்? (சிங்கப்பூர்)

ப: கம்ப்ரஷன் ரேஷியோ 9-லிருந்து 10 வரை உள்ள சாதாரண இன்ஜினைத் திறக்காமல் ஓட்டுவதானால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம், 0.4 முதல் 0.5 பார். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதோடு 0.5 சேர்ந்தால் கணக்குப்படி ஒன்றரை மடங்கு காற்று. சூட்டில் கொஞ்சம், எக்ஸாஸ்ட் தடையில் கொஞ்சம் கழிந்தது போக, 100 குதிரைத்திறன் 130, 140 ஆகும். தினசரி ஓட்டத்துக்கு இதுவே தாராளம்.

கே: செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஓட்ட ஒரு கார் தயாராகிறது. குறைந்த பூஸ்டுக்கு இன்டர்கூலர் வேண்டாம் என்கிறார் மெக்கானிக். (கோவை)

ப: கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே 35 டிகிரி. டர்போ 70 சதவீதத் திறனில் வேலை செய்து, காற்றை 0.5 பாருக்கு அழுத்தினால், அந்தக் காற்று சுமார் 90 டிகிரியில் வெளியே வரும். அதை அப்படியே சிலிண்டருக்குள் விடுவது நாக்கிங்கை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். நல்ல இன்டர்கூலர் அதை 50 டிகிரியை ஒட்டி இறக்கிவிடும். கட்டாயம் வையுங்கள்.

கே: உலகின் முதல் டர்போ கார் எது? (தஞ்சாவூர்)

ப: சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்கள் 1962-ல், இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு: ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர். ஜெட்ஃபயரின் கம்ப்ரஷன் 10.25. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்கிலிருந்து இன்ஜினுக்குள் தெளித்தார்கள். டேங்க் காலியானால் பூஸ்ட் குறைந்துவிடும். பலர் திரவத்தை நிரப்ப மறந்தார்கள், ‘வண்டி இழுக்கவில்லை’ என்று திரும்பி வந்தார்கள். 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோனது. 1970-களின் கடைசியில் வந்த சாப் 99 டர்போ கம்ப்ரஷனைக் குறைத்து, பூஸ்ட் எல்லை மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட் வைத்து, மிதமான பூஸ்ட்டோடு ஜெயித்தது. ஓட்டுபவர் மறந்தாலும் தாங்குகிற ஏற்பாடுதான் சாலைக்கு ஏற்றது.

கே: 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறேன். டர்போ போடலாமா? (மெல்போர்ன்)

ப: நல்ல தேர்வு. அந்த 1.6 லிட்டர் இன்ஜின், மாஸ்டா 323 டர்போ காரில் இருந்த இன்ஜினின் குடும்பம். கம்ப்ரஷன் 9.4. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டருக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டர்போ காசில் இன்ஜினைச் சரிசெய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 180 குதிரைத்திறனை ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல், குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென ஏறும் டார்க் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பழைய கிளட்ச் வழுக்கும், பிரேக்கும் போதாது. இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். உங்கள் மாநில விதிப்படி பொறியாளர் சான்று வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

கே: ஈசியுவை மாற்றாமல் ஓட்ட முடியாதா? (கொழும்பு)

ப: கூடாது. டர்போ இல்லாத காரின் பிரஷர் சென்சார் 1 பாரை ஒட்டித்தான் அளக்கும். அதற்கு மேல் வரும் காற்று, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியுவுக்குத் தெரியாது, அதற்கான பெட்ரோலும் வராது. சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். பூஸ்ட்டில் 11.5 முதல் 12 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு வேண்டும். இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்கு இழுக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டர், தெம்பான பம்ப், பூஸ்டை அளக்கும் சென்சார், வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் எல்லாம் பொருத்தி, டைனோவில் டியூன் செய்த பிறகே சாலையில் இறக்குங்கள்.

கே: டர்போ போட்டதிலிருந்து நீலப் புகை. சீல் போய்விட்டது, வேறு டர்போ வாங்கு என்கிறார்கள். (கிள்ளான்)

ப: பர்ஸைத் திறக்கும் முன் காருக்கு அடியில் பாருங்கள். டர்போவுக்கு ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது, திரும்புவதோ தன் எடையால் மட்டும். ரிட்டர்ன் பைப் எங்காவது மேலேறினாலும், மடங்கினாலும், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தாலும் ஆயில் தேங்கும். ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, சின்ன உலோக ரிங். தேங்கிய ஆயிலை அது தடுக்காது. கிராங்க் கேஸ் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் ஊதிப் பாருங்கள். அது ஒருவழியாக அடைக்காவிட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் புகுந்து, ஆயில் இறங்குவதை மறிக்கும்.

கே: ரான் 97 பெட்ரோல் போட்டால் சக்தி கூடுமா? (ஈப்போ)

ப: கூடாது, நாக்கிங்கைத் தாங்கும் திறன்தான் கூடும். அதை நம்பி டைமிங்கை ஏற்றினால்தான் சக்தி வரும். ஆனால் 97-க்கு டியூன் செய்த காரில் ஒரு நாள் அவசரத்துக்கு 95 போட்டால் ஆபத்து. எப்போதும் கிடைக்கிற பெட்ரோலுக்கே டியூன் செய்யச் சொல்லுங்கள்.

கே: ஓட்டி முடித்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

ப: விரட்டி ஓட்டியிருந்தால், ஆம். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சூட்டோடு அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் கரியாகும். கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலும் போதும். சிந்தெடிக் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கே: பட்ஜெட் குறைவு. எதில் மிச்சம் பிடிக்கலாம்? (டொராண்டோ)

ப: டியூனிங்கில் கூடாது, பெட்ரோல் பம்பில் கூடாது, இன்டர்கூலரில் கூடாது, ஆயில் பைப்பில் கூடவே கூடாது. மிச்சம் பிடிக்க ஒரே இடம் பூஸ்ட். 0.7 பார் ஆசையை 0.4-ல் நிறுத்துங்கள். புது பிஸ்டன், புது ராடு, இன்ஜின் இறக்கும் கூலி எல்லாம் உங்கள் பையிலேயே இருக்கும்.