‘வரை’ என்ற சொல்லைக் குறித்து ஒரு விண்ணப்பம்

ஆர்.எஸ்.புரம்,
கோயம்புத்தூர்.

மகாராஜராஜஸ்ரீ இணையக் கம்பெனி மேலதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் சந்தாதாரன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். தாங்கள் எங்கள் வீட்டுச் சுவரில் பிரதிஷ்டை செய்திருக்கும் வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டத் தொடங்கி இன்றோடு 11 நாளாகிறது, அவ்விளக்கும் க்ஷேமம்.

அடியேன் 32 வருஷம் இவ்வூர் நூல் மில் ஒன்றில் நூலின் நம்பரைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு ராத்தல் எடை நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் தர்மம். 120 கஜத்தைச் சுற்றியெடுத்துத் தராசில் வைத்து, முள் சற்றே விலகினாலும் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்பின்னிங் மாஸ்டரின் வசைகளைச் செவிமடுத்தபடி நின்ற நாட்கள் அநேகம். அத்தனை வருஷத்திலும் ‘40 வரை’ என்று எழுதி ஒரு கோன் நூலை விற்றுவிடலாம் என்ற யோசனை எங்களில் ஒருவனுக்கும் உதிக்கவில்லை. தங்கள் விளம்பரத்தில் ‘100 எம்.பி.பி.எஸ். வரை’ என்று கண்டபோதுதான், ஒரே ஒரு சொல்லில் இத்தனை சௌகரியம் அடங்கியிருப்பதை உணர்ந்து, எங்கள் முதலாளிகளின் அறியாமைக்காக இரங்கினேன்.

அந்த நூறும் பிட் கணக்கு என்பதையும், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதையும், ஆகவே வாக்களித்த வேகம் முழுமையாக வந்தாலுங்கூட விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே இறங்கும் என்பதையும் என் மருமகன் விளக்கினார். அது போகட்டும், ராத்தலுக்கும் கிலோவுக்கும் உள்ள பேதம் போல என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சர்க்காரின் விதியும் தங்கள் பக்கமே நிற்கிறது. ‘பிராட்பேண்ட்’ என்று அழைக்கப்படுவதற்கு 2004-இல் 256 கே.பி.பி.எஸ். போதுமென்றிருந்தது 2013-இல் 512 ஆகி, 2023 ஜனவரியில் 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்ந்தது. நூற்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டைக் கொடுத்தாலும் பெயருக்குப் பங்கமில்லை. அடியேனுக்கு அந்த இரண்டும் இல்லை என்பதே விண்ணப்பத்தின் சாராம்சம்.

விளக்கு சிவப்பதற்கு முந்தைய வாரம், டொரண்டோவிலுள்ள பேத்தி தன் முதல் பல் விழுந்த வைபவத்தைப் பாட்டிக்குக் காட்டும்பொருட்டு வாயை அகலத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அதன்மேல் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்க, என் மனைவி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும், எந்தப் பல் விழுந்தது என்று இதுவரை நிச்சயமாகவில்லை.

பிராது கொடுத்த நான்காம் நாள் தங்கள் சிப்பந்தியான ஓர் இளைஞர் ஏணியுடன் வந்தார். அவர்மீது எனக்கு யாதொரு மனஸ்தாபமும் இல்லை. “ஏனுங் சார், செவப்பு லைட்டு மினுக்குதுங்ளா? அப்ப லைன் கட்டுங்க. கம்பத்துல அணில் கடிச்சிருக்குமுங்க” என்று, தலைமயிர் போல் மெல்லிய கண்ணாடி இழையின் முனையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒட்டுப்போடும் மிஷின் ஒன்றே இருப்பதாகவும், அது அன்று வடவள்ளியில் இருப்பதாகவும், “இப்ப வந்தர்றனுங்க” என்றும் சொல்லிப் போனார். கொங்குநாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு ‘இப்ப’ என்பதன் விஸ்தீரணம் தெரியும். ஆனாலும் ஒரு வாரம் சற்று அதிகம்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள், ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. தங்கள் சேவையில் ஒரு குறையும் இல்லாத துரிதத்தை அங்கே கண்டேன். மறுபடி பிராது கொடுத்தேன், மறுபடி தீர்ந்தது. இவ்விதம் ஐந்து முறை தீர்ந்திருக்கிறது. டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதலாமென்றால், தனிநபர் பிராதுகளை விசாரிப்பது அதன் அதிகாரத்தில் இல்லை. முதலில் கம்பெனியிடம் சொல்லி, திருப்தியில்லாவிடில் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகினால் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் தங்கள் கம்பெனியிலேயே வீற்றிருக்கிறார். மாமியார்மேல் உள்ள பிராதை மாமியாரின் தமக்கையிடம் சொல்வது போன்ற இவ்வேற்பாட்டில் உள்ள குடும்பப் பாங்கு என்னை நெகிழச் செய்தது.

ஆகையால் வேறெதுவும் கோராமல் ஒன்றை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த இளைஞர் விட்டுச்சென்ற ஏணி எங்கள் முன்வாசலில் சாத்தியிருக்கிறது. என் மனைவி அதில் துணி காயப்போடுகிறாள். எடுத்துப்போக வரும் நாளை ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால், துணிகளை மடித்து வைத்துவிடுவோம்.

இங்ஙனம்,
தங்கள் கணக்கில் ஐந்து முறை திருப்தியடைந்த சந்தாதாரன்.