ஸ்டார்ட் ஆகாத வண்டியும் பத்து அளவைகளும்

ஓடும் வண்டியால் தத்துவத்துக்கு ஒரு பயனும் இல்லை. நின்றுபோன வண்டியால் உண்டு. செருப்புக் காலோடு ஒருவர் வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருக்கிறார். சுற்றி நால்வர் நின்று நான்கு காரணம் சொல்கிறார்கள். நால்வரில் ஒருவரும் வண்டியைத் தொடவில்லை. ஐந்தாமவர் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர்களுக்கு இந்த அறிவு எவ்வழி வந்தது? அறிஞர் உலகம் இக்கேள்வியைத் தொட்டதாகத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளியவர்களுக்கோ ஆய்வு செய்ய மூச்சு இருந்திருக்காது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருளாக டிவிஎஸ் 50 எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1980இல் ஓசூரில் இருந்து வெளிவந்த இந்த மொபெட், இருவர் உட்காரலாம் என்று சொல்லி விற்கப்பட்டது. நால்வரும் ஒரு மூட்டையும் போகலாம் என்பதைத் தமிழ்நாடு தானாகவே கண்டுபிடித்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். வால்வு கிடையாது, பிஸ்டனே மேலும் கீழும் போய் வழிகளைத் திறந்து மூடும். உறுப்புகள் இவ்வளவு குறைவாகவும் கருத்துகள் இவ்வளவு மிகுதியாகவும் உள்ள வேறொரு இயந்திரம் ஆய்வாளருக்குக் கிடைக்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் பரவிய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் விலக்கப்பட்டுள்ளன. அவை தம் நோயை மீட்டரில் விளக்கு மின்னித் தாமே சொல்லிவிடும். அங்கே வாதத்துக்கு இடமில்லை, எனவே நாகரிகமும் இல்லை.

கோட்பாட்டுச் சட்டகத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் (அது கரூரா கொடுங்கல்லூரா என்ற சண்டையில் இக்கட்டுரை தலையிடாது) அளவைவாதி ஒருவன் அறிவு வரும் வழிகளாகிய அளவைகள் பத்தையும் அறிவு கெடும் வழிகள் எட்டையும் எடுத்துச் சொல்கிறான். அதைப் பாடிய சாத்தனார் கூல வாணிகர். நெல் மூட்டையும் பயறு மூட்டையும் கைமாற்றிய மனிதர் இக்காலத்தில் இருந்திருந்தால் எந்த வண்டி வைத்திருப்பார் என்பதை வாசகர் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

முதல் அளவை காண்டல். இங்கே காணத்தக்க பொருள் ஒன்றே, அது பிளக். கேப்பைப் பிடுங்கி, ஸ்பேனரை மாட்டித் திருகி வெளியே எடுத்தால் இன்ஜின் தன் வயிற்றில் உள்ளதை எல்லாம் சொல்லிவிடும். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ: பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய மூன்றாவது நிலையும் உண்டு. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டியது. பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயிலின் கரி ஒரு சிறு துகளாக அங்கே குறுக்கே உட்கார்ந்துகொண்டால் போதும், கரண்ட் தாவாமல் அந்தக் கரி வழியாக நடந்தே போய்விடும். கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்ற அளவிலுள்ள அத்துகள் ஒரு குடும்பத்தையும் அதன் வாழைத்தாரையும் நடுரோட்டில் நிறுத்திவிடுகிறது. உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, தீர்ந்தது.

பிறகு பிளக்கை மறுபடி கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினின் தகட்டில் படும்படி வைத்து, பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். நீலமாகப் பொறி பறந்தால் கரண்ட் இருக்கிறது. இதைப் பிளக் துளைக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது. துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். ஆவிக்கும் பொறிக்கும் உள்ள உறவை நிரூபிக்க இன்ஜினுக்கு வெளியே இடம் தேட வேண்டாம். காண்டலின் பெயரால் டேங்க்குக்குள் தீக்குச்சி கிழித்துப் பார்த்த ஒரு பள்ளியினரும் இருந்தார்கள். அவர்கள் நூல் எதுவும் எழுதி வைக்கவில்லை.

கண் கண்டதும் முழு உண்மை அல்ல என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். வெளிக்காற்றில் அழகாகப் பொறி விடும் பிளக், உள்ளே அழுத்தப்பட்ட காற்றுக்கு நடுவே விடாமல் போகலாம். அழுத்தம் கூடக் கூட அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். "கரண்ட் நல்லாத்தான்ணே வருது, என்னன்னே தெரியல" என்று மெக்கானிக் பையன் தலையைச் சொறிவதன் பௌதிகக் காரணம் இதுவே.

கருதல் என்பது அனுமானம். புகையைக் கண்டு மலையில் நெருப்புண்டு என்பது தர்க்க நூலார் கையாண்டு தேய்ந்த எடுத்துக்காட்டு. டிவிஎஸ் 50 உரிமையாளருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சைலன்சரில் புகை இல்லை, எனவே உள்ளே நெருப்பில்லை என்பதை அவர் ஏற்கெனவே முழங்கால் வலியோடு உணர்ந்திருக்கிறார்.

உவமம் சற்று ஆபத்தானது. பசுவைப் போன்றது கவயமா என்னும் காட்டு விலங்கு என்று கொள்வது உவமம். "எங்க மச்சான் வண்டியும் இப்படித்தாங்க நின்னுச்சு, காயில் மாத்துனதும் சரியாயிடுச்சு" என்பதும் உவமம். இதன் உச்சம் புல்லட் வைத்திருப்பவர். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஒரே மிதி என்று அவர் விளக்கும்போது கூட்டம் அமைதியாகிவிடுகிறது. பழைய புல்லட்டுக்கு அது அத்தனையும் உண்மை. நம் கவயமாவுக்கோ அம்மீட்டரும் இல்லை, கிக்கரும் இல்லை. நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சைக்கிள் போல மிதிக்கும் பெடல்தான் உண்டு.

ஆகமம் என்பது வண்டியோடு கொடுத்த கையேடு. அது ஆர்.சி. புக்கோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இயல்பு என்ற அளவைக்குச் சாத்தனார் தரும் எடுத்துக்காட்டு மிக நயமானது. யானை மேல் இருப்பவன் தோட்டி கேட்டால் கீழே நிற்பவன் அங்குசத்தைத்தான் எடுத்துத் தருவானே தவிர வேறொன்றைத் தரமாட்டான். வண்டிக்கடியில் படுத்திருக்கும் மெக்கானிக் கையை மட்டும் வெளியே நீட்டி "பத்து பதினொண்ணு" என்கிறார். பையன் எண்களின் கூட்டுத்தொகையைச் சொல்வதில்லை, ஸ்பேனரைக் கொடுக்கிறான். இத்தனை நூற்றாண்டில் உரையாசிரியர் எவரும் இதைவிடத் தெளிவாக இயல்பை விளக்கியிருக்க முடியாது.

அருத்தாபத்தி வேறு வழியில் விளங்காத ஒன்றை விளக்க எழும் அறிவு. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்தே இருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்வார்கள். வண்டி கொஞ்ச தூரம் போகிறது, நிற்கிறது. வேப்பமர நிழலில் சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. டேங்க் மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை அடைத்திருந்தால் இப்படி ஆகலாம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற ஒலி வந்தால் தேவதத்தன் பிடிபட்டான்.

உள்ளநெறி என்று ஒன்று உண்டு. இரும்பு ஊசி அசைவதைக் கொண்டு அங்கே காந்தம் இருக்கிறது என்று அறிவது. நம் வண்டியில் பிளக்குக்குக் கரண்ட் வருவது ஃப்ளைவீலில் பதித்த காந்தங்கள் சுருளைச் சுற்றுவதால். பேட்டரிக்கு அதில் பங்கில்லை. இவ்வளவையும் அறியாமல் கூட்டத்திலிருந்து ஒருவர் "பேட்டரி வீக்கா இருக்கும்" என்று சொன்னால், எட்டுக் குற்றங்களில் அது இல்வழக்கு. முயற்கோடு போல, சொல் உண்டு, பொருள் இல்லை. "என்ன, ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்பவர் செய்வது உணர்ந்ததை உணர்தல். எட்டிலும் கொடியது தேராது தெளிதல். பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் நேரே கார்பரேட்டரைப் பிரித்து, காற்றால் ஊதவேண்டிய ஜெட்டைக் கம்பியால் குத்தி, அதன் துளையை அகலமாக்கிவிடுவது. ஒரு நோயோடு வந்த வண்டி இரண்டு நோயோடு வீடு திரும்புகிறது. இது விஷயத்தில் இக்கட்டுரை நடுநிலை வகிக்க மறுக்கிறது.

ஐதிகம் டீக்கடையில் விளைவது. இன்ன மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்லும். முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால் ஊர் சொல்லாது. வண்டியைச் சாய்த்து நிமிர்த்தினால் ஸ்டார்ட் ஆகும் என்பது ஐதிகம். அது பழைய கியர் ஸ்கூட்டர் காலத்து நம்பிக்கை; அந்த ஸ்கூட்டர் போய்விட்டது, சாய்ப்பு இருக்கிறது. சோக்கைப் போட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் எப்படியும் பற்றிக்கொள்ளும் என்பதும் ஐதிகமே. மிதிக்க மிதிக்கப் பிளக் நனையும், அவ்வளவுதான். அப்போது செய்ய வேண்டியது நேர்மாறானது: பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு மிதித்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும்.

எஞ்சியவற்றில் தலையாயது அபாவம், அதாவது இன்மை. ஒரு பொருள் இல்லை என்பதையே அறிவாகக் கொள்வது. "பெட்ரோல் இருக்காண்ணே?" என்ற கேள்வியில் இந்த அளவை முழுமையாக அடங்கியிருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழ்ச் சமூகம் கூசுகிறது. கேட்டால் உரிமையாளர் முகம் சுருங்குகிறது. காயில் போய்விட்டது என்றால் அது விதி. பெட்ரோல் இல்லை என்றால் அது நடத்தை. ஆகவே சபையில் காயில், கண்டன்சர், பாயிண்ட், கிராங்க் சீல் என்று கனமான பெயர்கள் எல்லாம் வலம் வந்த பிறகே யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் டேங்க்கை ஆட்டிப் பார்க்கிறான். மூடியிருக்கும் டேப்பும், ரிசர்வில் போட மறந்ததும் இதே இனம். இந்த ஆய்வின் முடிவு இதுதான்: பத்து அளவைகளில் செலவே இல்லாததும், கருவி தேவைப்படாததும், முதலில் கையாள வேண்டியதும் அபாவமே. அதைக் கடைசியில் வைத்தது வண்டியின் குற்றம் அல்ல, நம் மானத்தின் குற்றம்.

பெட்ரோல் உண்டு, கரண்ட் உண்டு என்று தெளிந்த பிறகும் வண்டி அசையவில்லையா? அப்போது மீட்சி என்னும் ஒழிவறிவு. மிஞ்சியது கம்ப்ரஷன். பிளக் துளையைக் கட்டை விரலால் மூடிப் பெடலை மிதித்தால் காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளினால் சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். தள்ளாவிட்டால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது; அங்கே தத்துவம் முடிந்து பட்டறைச் செலவு தொடங்குகிறது.

மீட்சிக்குச் சாத்தனார் காட்டும் எடுத்துக்காட்டு இது. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. வேறொரு நல்ல பிளக்கைப் போட்டதும் வண்டி பற்றிக்கொண்டால் முதல் பிளக் தோற்றது. இதற்கு வேண்டியது ஒரு மாற்று பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள். மூன்றும் ஒரு பழைய துணியில் சுருண்டு டூல் பாக்ஸில் அடங்கும், வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது மிதித்துக்கொண்டிருந்தால் கருத்து எதுவும் சொல்லாமல் அந்தத் துணிச் சுருளை நீட்டுங்கள். நீட்டும் முன், கூச்சப்படாமல், பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.