நாலு கல்லூரி, நாலும் நம்பர் ஒன்!

கேள்வி: மகளுக்கு பொறியியல் கவுன்சலிங் வருகிறது. விசாரித்த நாலு கல்லூரியுமே 'நாங்கள்தான் நம்பர் ஒன்' என்கின்றனவே, எப்படி?
– பிளஸ் டூ மாணவியின் அப்பா, நாமக்கல்

பதில்: ஒன்று மாவட்டத்தில், ஒன்று தனியாரில், ஒன்று பைபாஸுக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம்! பேனருக்கு அடியில் கடுகு சைஸில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைப் பட்டியல் 2016-லிருந்து வருகிறது. பொறியியலில் சென்னை ஐஐடிதான் முதலிடம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆராய்ச்சிக்கு 100-க்கு 30 மார்க். மற்ற பேராசிரியர்களும் வேலை கொடுப்பவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10. முதல் செமஸ்டர் கணக்கு வாத்தியார் போர்டைப் பார்த்துப் பேசுவாரா, பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவாரா? அதற்கு மார்க் கிடையாது.

மார்க் போடுவதற்கான விவரமும் பெரும்பாலும் கல்லூரியே கொடுப்பதுதான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அப்படிக் கொடுத்ததை 2022-ல் அங்கே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியரே தோண்டித் துருவி, தப்பு என்று காட்டினார். யு.எஸ். நியூஸ் நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் 2-ல் இருந்தது 18-க்கு இறங்கியது. கட்டடம் இடியவில்லை, வாத்தியார்கள் ஓடவில்லை. நம்பர்தான் ஓடிவிட்டது.

பேனரில் உள்ள 'அதிகபட்ச சம்பளம்' யாரோ ஒரு பையனுடையது. சம்பள வரிசையில் நடுவில் நிற்கிறவனுடைய சம்பளம் என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் இருக்கும், கல்லூரியின் வலைத்தளத்தில் தேடுங்கள். அகப்படவில்லையா? கேன்டீனில் நிற்கும் மூன்றாம் வருஷ மாணவிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பிரின்சிபால் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து!