மதுரை மக்களின் குளிராடை: தரமா, தோரணையா? – ஓர் அகப்புற ஆய்வு

எந்த ஆய்வையும் ஆதிமனிதனிலிருந்து தொடங்குவது நம் மரபு. ஆதிமனிதன் மதுரையில் பிறந்திருந்தால் ஆடை என்ற ஒன்றையே கண்டுபிடித்திருக்க மாட்டான் என்பதால் அந்த மரபை இங்கே கைவிட நேர்கிறது. தேர்வாளர் பொறுத்தருள்க.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் ஊர் இது. மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிட்டால் "இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்று காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வரும் ஊரும் இதுவே. இப்படிப்பட்ட ஊரில் ஜாக்கெட்டும் ஸ்வெட்டரும் குல்லாவும் மழைக்கோட்டும் விற்பது எப்படி? வாங்குகிறவர் பார்ப்பது தரத்தையா, தோரணையையா? இதுவே ஆய்வுச் சிக்கல். "இக்களத்தில் இதுவரை எவரும் ஆய்வு மேற்கொள்ளவில்லை" என்ற வரியும் இவ்விடத்தில் வரவேண்டும், வந்துவிட்டது.

ஆய்வு எல்லை: வடக்கே அழகர்கோவில், தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் வண்டி நிற்கும் இடம். கிழக்கு எல்லை வெயில் காரணமாக அளக்கப்படவில்லை. பெண்கள் தைக்கக் கொடுக்கும் ஜாக்கெட் இந்த ஆய்வுக்குள் வராது. அது இன்னும் டைலரிடமிருந்தே வரவில்லை.

இனி வகைப்பாடு.

மஃப்ளர்: கழுத்துக்கு உரியது, மேடைக்கும் உதவும்.

குரங்குக் குல்லா: தரமும் இல்லை, தோரணையும் இல்லை, ஆனாலும் விற்றுக்கொண்டே இருக்கிறது. காரணம், அதை வாங்குபவர் அணிவதில்லை. அணிபவரைக் கேட்டு யாரும் வாங்குவதில்லை (பெரியம்மா, வாய்மொழி).

ஸ்வெட்டர்: இது பெரும்பாலும் இரவல். மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். உயரமோ 2,100 மீட்டரை ஒட்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலைக் கணக்கு. ஆக, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி முடிப்பதற்குள் 13 டிகிரி கழிந்துவிடும். இந்த 13 டிகிரிக்காகத் தெருவில் ஒரு வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர், பள்ளி விடுமுறை முழுக்க வீடு வீடாகப் போய்வருகிறது. அதன் தரம் பற்றிப் பேச்சு எழுந்ததே இல்லை. திரும்பி வந்தபோது பையில் வேர்க்கடலைத் தோல் இருந்தது பற்றி மட்டும் எழுந்திருக்கிறது (பெரியம்மா, வாய்மொழி, திருத்திய இரண்டாம் கூற்று, முதற்கூற்றில் அது பட்டாணி).

தோல் ஜாக்கெட்: இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். களப்பணியின்போது கடைக்காரர் ஒருவர், "பாருங்கண்ணே" என்று லைட்டரைப் பற்றவைத்து ஜாக்கெட்டின் கீழ் ஓரத்தில் ஒரு நொடி காட்டி எடுத்தார். விரலால் துடைத்தார். கரி கூட ஒட்டவில்லை. "ஒரிஜினல்ணே. எரியாது." தீப்பிடித்த வீட்டுக்குள் நுழைய யாரும் ஜாக்கெட் வாங்குவதில்லை என்ற மறுப்பை நாம் எழுப்பவில்லை. ஒரு நொடித் தீக்கு ரெக்சினும் அசையாது. உண்மைத் தோலா என்று அறிய வெட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும்: தோலென்றால் நார் நாராகத் தெரியும், ரெக்சின் என்றால் அடியில் துணி தெரியும். அந்த ஓரத்தைக் கடைக்காரர்கள் எப்போதும் மடித்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். பாலியூரித்தேன் பூசிய போலித் தோலுக்கு வெப்பமும் ஈரப்பதமும் ஆகாது. பூச்சு வேதிமுறையில் சிதைந்து செதில் செதிலாக உதிரும். மதுரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. எனவே ஜாக்கெட் பீரோவுக்குள் நாஃப்தலின் உருண்டையோடு பத்திரமாக இருந்தபடியே, ஒரு நாள்கூட அணியப்படாமல், முதுமை எய்துகிறது. தோரணைக்கு வாங்கியது தோரணை காட்டாமலே உரிந்துபோகும் இந்த நிலைக்கு இலக்கணத்தில் பெயர் தேடினோம், கிடைக்கவில்லை.

மழைக்கோட்டு: இதன் கழுத்துச் சீட்டில் 10,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அத்தனை உயரத் தண்ணீர்த் தூண், அதாவது 10 மீட்டர், மேலே நின்றாலும் துணி கசியாது என்பது பொருள். மதுரையின் ஓராண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. ஆகவே பதினோராண்டு மழை மொத்தமும் சேர்ந்து ஒரே நாளில் தலையில் விழுந்தாலும் இந்தக் கோட்டு தாங்கும் என்று கணக்கிட்டுள்ளோம். கணக்கில் பிழை இல்லை. ஆய்வேடுகளில் இதைவிட மோசமான கணக்குகள் பட்டம் பெற்றிருக்கின்றன. ஆனால் அந்த எண் துணிக்குத்தான், தையலுக்கு அல்ல. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாய்க்கால். உள்பக்கம் தையல்மேல் ஒட்டுநாடா இல்லாத கோட்டு காளவாசல் சிக்னல் தாண்டுவதற்குள் தோளில் நனைந்துவிடும்.

வியர்வை ஆவியை மட்டும் வெளியே விட்டு மழைத்துளியை உள்ளே விடாத சவ்வும் உண்டு. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் தண்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் பிறந்த சங்கதி அது. உள்ளே புழுக்கம் அதிகம், வெளியே குறைவு என்றிருந்தால்தான் அந்தச் சவ்வு உருப்படியாக வேலை செய்யும். ஐப்பசி மதுரையில் உள்ளும் புறமும் ஒரே புழுக்கம். ஆவி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. வெளியே மழையில் நனையாதவர் உள்ளே வியர்வையில் நனைகிறார். இதற்குமுன், பாலத்தடியில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கடியிலிருந்து கோட்டை உருவி, செருப்பு மாட்டிய காலைக் கால்சட்டைக்குள் நுழைக்க ஒற்றைக் காலில் ஆடி முடிக்கும்போது மழை விட்டுவிடுவதும் உண்டு.

இனி முன்னோடிச் சான்றுகள்.

மழைக்குச் சற்றும் பொருந்தாத உடையில் வெளியே போனவர்கள் வரிசையில் முதலிடம் ஒரு பாண்டியனுக்கே. சான்று, நக்கீரரின் நெடுநல்வாடை, 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டோடு அச்சேற்றியது. மழைக்காலம். மாடு மேய்ப்பவர்கள் கை காய்ந்தும் பல் கிட்டி நடுங்குகிறார்கள். நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் புறப்படுகிறான். வாடையில் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. மேலே தூறல். அரசன் மேல் என்ன இருக்கிறது? ஓர் அழகிய துகில். அதுவும் தோளில் நிற்கவில்லை, பக்கத்தில் நழுவுகிறது. இடப்பக்கம் அணைத்துப் பிடித்துக்கொள்கிறான். மற்றக் கை ஒரு வாள்வீரனின் தோள்மேல். இரண்டு கையும் முடிந்தது. குடை? அது வேறொருவர் பொறுப்பு.

கழுத்துப்பட்டை, பொத்தான், தொப்பி எதுவும் இல்லாத, நீர் உறிஞ்சும், காற்றில் நழுவும் துணி. தரம் சுழி. ஆனால் அந்தக் காட்சியை இரண்டாயிரம் ஆண்டுகளாக வியந்துகொண்டிருக்கிறோம். எனவே இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு: குடை பிடிக்க ஆள் இருப்பவர்கள் தோரணைக்கு வாங்கலாம். 1980-ல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்ற எம்.ஜி.ஆர். இந்த வெயிலில் வெள்ளை உரோமத் தொப்பியோடு வலம் வந்ததும் இதே நெறியில் அடங்கும்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. அரசனுக்குக் காயம்பட்டவர்களைக் காட்டிக்கொண்டு முன்னே போகிறவன் கையில் ஒரு வேல்; அதன் தலையில் வேப்பந்தழை. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பாட்டில் அரசன் பெயரே இல்லை. அரண்மனையில் அரசி பிரிவால் வாடுவதைப் பார்த்தால் அகப்பாட்டு போலிருக்கிறது. ஆனால் அகத்தில் தலைவன் இன்னான் என்று காட்டக் கூடாதே! வேம்பு காட்டிக்கொடுத்துவிட்டது, ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். பின்வந்த அறிஞர்கள் இல்லை அகமே என்றார்கள். மறுத்தவர்களை மறுத்து வேறு சிலர் எழுதினார்கள். ஒரு கொத்து வேப்பந்தழைக்காக இத்தனை காகிதம். அந்தத் தூறலில் நின்றிருந்த வீரனுக்குக் குளிர்ந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த நெறியை ஜாக்கெட்டுக்குப் பொருத்துவோம். மார்பின் இடப்பக்கம் தைத்திருக்கும் லோகோவே இக்காலத்து வேம்பு. லோகோ இருந்தால் அணிந்தவர் இன்னார், இத்தனை ரூபாய்க்கு வாங்கினார் என்று ஊருக்குத் தெரிகிறது: புறம். லோகோ இல்லாத சாம்பல் ஸ்வெட்டர் அகம். அதன் அருமை அணிந்தவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். லோகோவை ஒரு துண்டால் மறைத்துவிட்டால்? அகப்புறம். பஸ் ஏறியதும் துண்டு நழுவினால்? புறப்புறம். (காண்க: ஆரப்பாளையம், டீக்கடை பெஞ்சின் இடது ஓரம், காலை ஆறு மணி வண்டிக்குக் காத்திருந்த பெரியவர் கூற்று. இதற்கு நேர்மாறான கருத்துக்கு அதே பெஞ்சின் வலது ஓரத்தைக் காண்க. நடுவில் உட்கார்ந்திருந்தவர் கருத்து ஏதும் சொல்லவில்லை. ஆயினும் வடையைக் கீழே வைத்த விதம் வலது ஓரத்துக்குச் சார்பானது எனக் கொள்ளலாம். விரிவுக்குப் பெரியம்மா, மூன்றாம் கூற்று, திண்ணைப் பதிப்பு.)

நடைபாதைக் கடைகளில் ஒரே பிராண்டின் பெயர் அடிடாஸ், அபிடாஸ், அடிதாஸ் என்று பலவாறு காணப்படுகிறது. பாமரர் இதை எழுத்துப்பிழை என்பர். நாம் பாடபேதம் என்போம். அடிதாஸ் என்பதே மூலபாடமாக இருக்கலாம் என்றும், திருவடிக்குத் தொண்டன் எனும் அதன் பொருள் காலணி விற்பவருக்குப் பொருந்துகிறது என்றும், ஏனையவை ஏடெழுதியோர் பிழை என்றும் நிறுவ இடமிருக்கிறது. நிறுவிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த சான்று பழனியிலிருந்து. கொடைக்கானலின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரின் பழைய பெயர் பொதினி. அதை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தான். மலையோரத்தில் நடந்த முதல் குளிராடை விநியோகம் இதுவே. தோகையுள்ள பறவைக்குத் தோரணை வேண்டியதில்லை. எனவே தரத்துக்காகவே கொடுத்திருக்க வேண்டும். அளவு பார்த்துக் கொடுத்தானா, தோகை உள்ளேயா வெளியேயா என்ற கேள்விகளுக்குப் புலவர்கள் விடை சொல்லவில்லை. உடுக்காது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்று மட்டும் பரணர் புறநானூற்றில் சொல்லிவிடுகிறார். ஆக, யாரும் அணியமாட்டார்கள் என்று தெரிந்தே ஸ்வெட்டர் வாங்கும் வழக்கத்துக்குச் சங்கச் சான்று கிடைத்துவிட்டது. அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, வீட்டுக்குப் போங்கள் என்று கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் பாட வேண்டியிருந்தது. மயிலுக்கு வாங்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. அது இந்த ஆய்வையே கவிழ்க்கக் கூடியது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி சட்டையும் தொப்பியும் இல்லாமல், முழங்கால் அளவு வேட்டியோடு வெளியே வந்தார். பத்தாண்டு கழித்து, 1931 நவம்பரில், அதே வேட்டிமேல் ஒரு சால்வையோடு லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனார். மதுரையில் தேர்ந்த உடைக்கு லண்டன் குளிரில் நடந்த சோதனை அது. 13 டிகிரிக்கே பயந்து மூட்டை கட்டும் நமக்கு இது வசதிப்படாது என்பதால் இந்தச் சான்றை அடிக்குறிப்புக்குத் தள்ளுகிறோம். அடிக்குறிப்பும் இந்த ஆய்வில் இல்லை.

தேர்வாளர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: தரமும் தோரணையும் சேர்ந்த பொருளே கிடையாதா? உண்டு. ஆய்வேட்டின் அட்டை. கறுப்பு ரெக்சின், பொன் எழுத்து, தண்ணீர் உள்ளே போகாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் இரவல்.

இனி வாசகருக்கு. மழைக்கோட்டை வாங்குமுன் உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள்; கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாருங்கள். தோல் என்றால் வெட்டு ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். லைட்டரை அவர் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். கொடைக்கானலுக்கு ஒரு நாள் போய்வர ஒரு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துண்டும் போதும். மலை ஏறும்போது பஸ் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிவிடுங்கள். அதற்கு டிக்கெட்டுக்கு மேல் காசு கிடையாது.