மேல் டேங்க் வழிதல்: ஒரு முன்னாய்வு

நகரத்து வீடுகளில் நாள்தோறும் நிகழ்ந்தும் எந்தப் பல்கலைக்கழகமும் இருக்கை அமைக்காத துறை ஒன்று உண்டு. சம்ப்பிலிருந்து மொட்டைமாடி டேங்க்குக்கு மோட்டார் போடுவதும், டேங்க் நிரம்பி வழிவதும் அதன் பொருள். மூலநூல் கிடைக்காமையால் நூற்பாவை நாமே யாத்துக்கொண்டோம்:

சுவிட்சைப் போட்டவர் மறத்தலும் வழிவது கண்டே
அடுத்தவீட் டார்வந் துரைத்தலும் மோட்டார்க் கியல்பே.

'போட்டவர்' என்று பொதுப்பட ஓதினமையால் ஆண், பெண், விருந்தாளி மூவரும் அடங்குவர். 'மறத்தலும்' என்புழி உம்மையை எண்ணும்மை என்பாரும் உளர். எச்சவும்மை என்பதே எம் துணிபு. அதனால் 'நீ அணைப்பேன்னு நினைச்சேன்' என்னும் கூற்றும் தழுவப்படும்.

டேங்க் நிரம்பியதை அறிவது எவ்வாறு என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை. கடிகாரவாதிகள் 'இருபது நிமிஷம்' என்பர். வோல்டேஜ் குறைந்த நாளில் இக்கோட்பாடு நிற்பதில்லை. செவிவாதிகளில் பெரும்பாலோர் பாட்டிமார். அடுப்படியில் தாளித்துக்கொண்டே, காலி டேங்க்கின் அடியில் தண்ணீர் சடசடவென்று விழும் ஓசை மெல்ல அடங்குவதைக் கேட்டு, "பாதி ஏறிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். எம் ஆய்வில் இதற்கிணையான கருவியைக் காணோம். சீரியல் ஓடும் அரைமணி மட்டும் அது வேலை செய்யாது. மூன்றாம் சாரார் "ஏங்க, உங்க டேங்க் வழியுது!" என்னும் எதிர்வீட்டுக் குரலையே பிரமாணமாகக் கொள்வோர். குரல் எட்டுவதற்குள் தண்ணீர் சன்ஷேடில் இறங்கி, கொடியில் காய்ந்த துணியை மறுபடி அலசியிருக்கும்.

இனி அளவை. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால் 300 லிட்டர் போயிற்று. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. ஆகவே வழிந்தது இருவரின் ஒருநாள் பங்குக்கும் மேல். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எட்டாயிரத்துச் சொச்சம் வீடுகளில் வீட்டுக்கு ஒருமுறை இப்படி வழிந்தால் ஒரு ரயில் முழுக்கக் காலி.

இவ்விடத்தே ஒரு முரண் ஆராயத்தக்கது. ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் 'உங்கப்பன் வீட்டு கரண்டா?' என்று குடும்பத் தலைவர் கேட்பார். (கேட்பவர் அப்பன், கேட்குமிடம் அவர் வீடு என்பதால் விடை 'ஆம்' என்றே முடியும், இதுவரை எந்தப் பிள்ளையும் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை.) ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். பத்து நிமிட வழிதலில் வீணாகும் மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு பதினெட்டு மணி நேரம் எரியும். அப்படியிருந்தும் மோட்டார் விஷயத்தில் தலைவர் மௌனம் சாதிக்கிறார். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: போட்டவர் அவரே.

இத்துறையையே ஒழித்துக்கட்டும் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது என்பதை ஆய்வாளர் என்ற முறையில் வருத்தத்துடன் பதிவு செய்கிறோம். ஆனால் கார்ப்பரேஷன் தண்ணீர் விழும் சம்ப்பில் போடுகிற மிதவை வால்வை மோட்டார் பைப்பில் மாட்டிவிடாதீர்கள். அது பைப்பை அடைக்குமே தவிர மோட்டாரை நிறுத்தாது. அடைபட்டு ஓடும் மோட்டார் சூடேறிக் காயில் கருகவும் கூடும். வேண்டியது, நீர் மட்டம் ஏறியதும் கரண்டையே துண்டிக்கும் சுவிட்ச். சம்ப் வற்றினாலும் நிறுத்துகிற வகை என்றால் இன்னும் நல்லது. எலக்ட்ரீஷியனிடம் இதை இப்படியே சொல்லிக் கேளுங்கள். அவர் வந்து மாட்டும்வரை, மோட்டாரைப் போட்டவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கவும்.